பரவாயில்லை என்ற சொல்லின் பொருள் விளக்கிப் பொறிமலை நாட்டுக்கு விடுத்த ஓலை

நலம் ஓங்குக. நிலம் குளிர்க. மூன்று ஆறுகளுக்கும் ஒன்றரை மலைக்கும் உரியவரும், மீதி அரை மலையைத் தங்களிடமே விட்டுவைத்து நட்பைப் பெரிதெனக் கொண்டவருமாகிய வெண்ணாவல் நாட்டு வேந்தர் கோ அதிவிடங்கப் பெருமானின் திருவாணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் ஆதன் விண்ணன், சக்கரங்களின் தலைவரும் கருவிகளின் காவலரும் பொறிமலை நாடாளும் பேரரசருமாகிய உத்துங்கவர்மரின் திருவடி நோக்கி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் பட்டத்து யானையின் கால்வலி நீங்கியிருக்குமென நம்புகிறோம். தங்கள் பொறிச்சாலைகளில் உலை அணையாதிருக்கட்டும். தங்கள் அந்தப்புரத்தில் அனைவரும் நலமாக, கூடுமானவரை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் இருக்கட்டும்.

செய்தி யாதெனில், தங்கள் படை எங்கள் எல்லையில் வந்து நிற்கிறது. தங்கள் நாட்டுப் பொறிவினைத் தலைவி கொற்றியார் சிறையில் இருக்கிறார் என்றும், வரும் முழுநிலவுக்குப் பின் அவர் ஆயுள் முழுதும் உளி தொடக் கூடாதென ஆணை பிறக்கும் என்றும் பறை முழங்கியதாக அறிந்தோம். இத்தனைக்கும் காரணம் எங்கள் பட்டத்தரசியாரின் தம்பி நம்பிச் சேந்தனார் வாயிலிருந்து விழுந்த ஒரே சொல். அந்தச் சொல் எப்படி விழுந்தது என்பதைத் தாங்கள் பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

நம்பிச் சேந்தனார் அக்காள் வீட்டு விருந்துக்கு வந்தவர். விருந்து முடிந்து இலை எடுத்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. ஆண்டுகள் பல ஆயின. கட்டிலிலிருந்து உணவுக்கூடத்துக்கே பல்லக்கில் போகிறவர். ஆகவேதான், கற்றறிந்தவர் வேண்டாம், கைவினைஞரும் வேண்டாம், வாங்கிப் பயன்படுத்தும் ஒரு சாதாரண ஆள் போதும், எங்கள் புதுக் கருவிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று தங்கள் தூதர் கேட்டபோது, அவையிலிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அவர் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது இந்த ஆண்டுப் புதுக் கைப்பலகை. தொலைவில் இருப்பவரின் முகமும் குரலும் அதில் தெரியும் என்றார் தூதர். சேந்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சென்ற ஆண்டுப் பலகைக்கு முதுகில் இரண்டு கண், இந்த ஆண்டு மூன்று கண், மற்றபடி அதே முகம்தானே என்று பின்னர் ஓலைநாயகத்திடம் அலுத்துக்கொண்டார். அதற்கு உயிரூட்டும் கயிற்றின் முனை சென்ற ஆண்டு தட்டையாக இருந்ததாம், இந்த ஆண்டு உருண்டையாம். அவர் அறையில் ஒரு பானை நிறையக் கயிறுகள் கிடக்கின்றன; எதுவும் எதற்கும் பொருந்துவதில்லை. பலகையோ உச்சிப்பொழுதுக்கு முன்பே கண்ணை மூடிவிடுகிறது, இவரைப் போலவே. ஆயினும் விருந்தாளியின் மனம் நோகக் கூடாதென்று தூதரிடம் அவர் சொன்ன சொல், பிரமாதம். தூதர் மகிழ்ந்து முத்துமாலை சூட்டினார். அன்று மாலை முதல் அந்தப் பலகை சமையற்கட்டில் மோர்ப்பானைக்கு மூடியாக இருக்கிறது. மூடி என்ற அளவில் அதன்மீது எங்களுக்குக் குறையேதும் இல்லை.

அடுத்து வந்தது நடையெண்ணும் காப்பு. அணிந்தவர் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணும். உட்கார்ந்தே இருந்தால் மணிக்கட்டில் குறுகுறுவென்று அதிர்ந்து, எழுந்து நட என்று ஏசும். சேந்தனார் இரண்டாம் முறை பாயசம் வாங்கும் வேளையில் அது ஏசிவிட்டது. அவர் காப்பைக் கழற்றி, தோட்டத்து மான் ஒன்றின் காலில் மாட்டிவிட்டார். மறுநாள் அந்தக் காப்பு, வெண்ணாவல் நாட்டிலேயே உடல்நலம் மிக்க மனிதர் நம்பிச் சேந்தனார்தான் என்று அறிவித்தது. தூதரிடம் அவர் சொன்ன சொல், அற்புதம். இன்னொரு முத்துமாலை கிடைத்தது. மானுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தது, கொற்றியார் தம் கையாலேயே செய்த விளையாட்டுப் பேழை. அதைச் சுவரோரம் வைத்து, இரு கையாலும் ஒரு பிடியைப் பற்றினால், எதிரே திரையில் யானைகள் பந்தயம் ஓடும். சேந்தனார் ஆவலோடு உட்கார்ந்த கணமே பேழை, யான் என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன், பொறுத்திருக்கவும் என்று எழுதிக் காட்டியது. அவர் பொறுத்திருந்தார். போய்ச் சாப்பிட்டு வந்தார். உறங்கி எழுந்து வந்தார். பேழை இன்னும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அரசர் முடிசூட்டு விழாவுக்கு அலங்கரித்துக்கொண்டபோதுகூட இவ்வளவு நேரம் ஆகவில்லையே என்று அவர் புலம்பியது அரசர் காதிலும் விழுந்தது. பிடியிலோ எங்கு தொட்டாலும் குமிழ். தமக்குக் கட்டைவிரல் இரண்டுதான் என்பதைச் செய்தவர் அறியமாட்டாரா என்று அதற்கும் கோபித்துக்கொண்டார்.

ஆனால் யானை ஓடத் தொடங்கியதும் மனிதர் மாறிவிட்டார். குளத்தில் விழுந்தார், மதிலில் முட்டினார், மறுபடியும் ஏறினார். அன்று மதிய உணவுக்கு அவர் வரவில்லை. அரண்மனை பதறி, மருத்துவருக்கு ஆள் போயிற்று. அழைத்துவர அரசரே எழுந்தருளினார். அவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இருவரையும் கையோடு கூட்டிவரச் சென்ற அரசியார் இருவரையும் தோற்கடித்தார். அதன்பின் அமைச்சரவையே அந்த அறையில்தான் கூடிற்று. வரி, வாய்க்கால் எல்லாம் யானை குளத்தில் விழுந்து எழும் இடைவெளியில் பேசி முடிக்கப்பட்டன. சண்டைக்காரக் குடும்பம் என்று ஊர் பேசும் எங்கள் அரச குடும்பம் ஒரே பாயில் உட்கார்ந்து சிரித்ததை ஓலைநாயகம் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த வேளையில்தான் தங்கள் தூதர் வந்து, பேழை எப்படி என்று கேட்டார். சேந்தனார் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"பரவாயில்லை."

தூதர் முகம் சுருங்கி, முத்துமாலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏன் போனார் என்று இங்கு ஒருவருக்கும் விளங்கவில்லை. தங்கள் நாட்டுக்கு உப்பு ஏற்றிச் செல்லும் வணிகர் ஒருவர் வந்து சொன்ன பிறகே புரிந்தது. தங்கள் நாட்டில், ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்டால், அல்லது கஞ்சியை மேலே கொட்டிவிட்டால், பொறுத்துக்கொண்டேன் என்பதற்கு மட்டுமே அந்தச் சொல்லைச் சொல்வார்களாம். ஆக, பொறிமலை அனுப்பிய பேழை ஒரு தீங்கு, அதை வெண்ணாவல் மன்னித்தது என்று தங்கள் திருச்செவியில் விழுந்திருக்கிறது. இகழ்ந்த எங்களுக்குப் படை, இகழ்ச்சி தேடித்தந்த கொற்றியாருக்குச் சிறை.

பேரரசே, எங்கள் நாட்டு வழக்கு வேறு. இங்கு பிடித்த பொருளை வாயாரப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது எல்லாருக்கும் உள்ள பயம். களஞ்சியம் நிரம்பி வழியும் உழவரை விளைச்சல் எப்படி என்று கேட்டால், ஏதோ பரவாயில்லை என்பார். கொழுகொழுவென்ற பிள்ளையைப் பெற்றவளும் அதையேதான் சொல்வாள். மணநாளன்று எங்கள் அரசியாரின் முகத்திரை விலக்கிய வேந்தர் சொன்னதும் இதே சொல்தான்; அதை நினைக்கும்போதெல்லாம் அரசியார் இன்றும் நாணுகிறார். பிரமாதம், அற்புதம் எல்லாம் இங்கு வேண்டாத விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடும் சொற்கள்.

கொற்றியார் சிறைப்பட்ட செய்தி வந்த அன்று சேந்தனார் பிடியைக் கீழே வைத்தார், பிறகு எடுக்கவில்லை. உணவில் இரண்டாம் முறை எதுவும் வாங்கவில்லை. அமைச்சர்கள் கூடி, பிரமாதம் என்று பொன்னெழுத்தில் பொறித்து மேளதாளத்தோடு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்றார்கள். அதற்கு அவர் சொன்னதை, அரச ஓலைக்குரிய நடையன்று எனினும், அவர் வாயில் வந்தபடியே எழுதுகிறோம், பொறுத்தருள்க.

"நான் பிரமாதம்னு சொன்னது மோர்ப்பானை மேல கெடக்கு, அற்புதம்னு சொன்னது மான் கால்ல கெடக்கு. இது ஒண்ணத்தான் மனசாரச் சொன்னேன், அதுக்கா அந்தம்மாவ உள்ள வெச்சாங்க? இப்ப மாத்திச் சொல்லி அவங்க கைக்குக் கண்ணு பட்டுட்டா, அடுத்த பேழைய யாரு செய்வா?"

சொல்லிவிட்டு அவர் எழுந்தார். பல்லக்கு வந்தது, வேண்டாம் என்றார். பேழையைத் துணியில் சுற்றித் தம் தோளில் தாமே கட்டிக்கொண்டு, கொற்றியாரிடம் நேரில் சொல்லிவிட்டு வருவதாகத் தங்கள் தலைநகர் நோக்கி நடந்தே புறப்படுகிறார். இவ்வோலையைத் தங்கள் முன் நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, வியர்வையில் நனைந்து நிற்பவர் அவரே. காப்பு மான் காலிலேயே இருப்பதால் அவர் நடந்த தொலைவுக்குச் சான்றில்லை. அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொள்க.

ஆகவே எங்கள் வேந்தர் வேண்டுவது: கொற்றியாரை விடுதலை செய்து அவர் உளியை அவர் கையிலேயே கொடுத்தருள்க. படையை அரை மலைக்கு அப்பால் அழைத்துக்கொள்க. சேந்தனாரை உட்காரவைத்து உணவளிக்க. உண்டபின் அவர் பரவாயில்லை என்றால் சமையற்காரருக்குப் பொற்காப்பு அணிவிக்க. பிரமாதம் என்றால் சமையற்காரரை மாற்றிவிடுக. பேழையை விரைவில் திருப்பி அனுப்புக, அரசியாரின் ஆட்டம் பாதியில் நிற்கிறது. எக்காரணம் கொண்டும் அங்கே அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள விடாதீர்கள்.

இவ்வோலை அவையில் வேந்தர் திருமுன் முழுதும் படித்துக் காட்டப்பட்டது. இருபது ஆண்டுகளாக ஓலை எழுதியும், நன்று, மிக நன்று என்பதைத் தவிர ஆதன் விண்ணன் வேறு சொல் கேட்டதில்லை. இன்று வேந்தர் பரவாயில்லை என்று திருவாய் மலர்ந்தருளினார். ஓலைநாயகம் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு மேலாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நாவற்கிளை முத்திரை இட்டாயிற்று. ஓரத்தில் எழுத்து சற்றுக் கலங்கியிருக்கும், அது மழையன்று.