நீலப் பொட்டு கடைசியில் வந்த மாதம்

தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டுமென்று இன்று காலை கல்லாவின் கீழ் இழுப்பறையைக் காலி செய்தேன். மூலையில் பாதி உரிந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. நீலம். உங்கள் நிறம். தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். என்னவோ ஏதோவென்று ஓடி வந்த செல்வியும், அட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷம் மழையில் சம்பா சாய்ந்து, பட்டுக்கோட்டைக் கடைத்தெருவே ஈயோட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டா, பெல்ட், தலைக்கிளிப் விற்கிற நம் கடைக்கு, புருஷன் பெண்டாட்டி நாமும் வேலைக்கு இரண்டு பெண்களுமாக நாலு பேர் அதிகம் என்று உங்களுக்குப் பட்டது. தஞ்சாவூரில் வியாபாரிகளுக்கான ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தீர்கள். வந்ததும் விற்பனைக்கு வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டையே எடுத்துப் பங்கு பிரித்தீர்கள். செல்விக்குச் சிவப்பு, கவிதாவுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள், உங்களுக்கு நீலம். யார் விற்றார்களோ அவர்கள் பொட்டு பில் நகலில் ஏறும்.

"ஒரு மாசம் அளப்போம். யார் எவ்வளவு விக்கிறாங்கன்னு தெரிஞ்சுடும். கடைசியா வர்றவங்க வேலைய விட்டு நின்னுக்கணும்" என்றீர்கள்.

"நீங்களும் சேர்த்தியா அண்ணே?" என்றாள் கவிதா.

"நானும்தான். அளவுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

செல்வி இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவள். கவிதாவுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள். அக்கா தங்கை மாதிரி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பாய்வார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற அம்மா ஒருவர் ஊக்கு கேட்டு வந்தார். நான் உட்பட மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். "ஊக்கே வேணாம், விடுங்கம்மா" என்று முந்தானையைக் கையில் பிடித்தபடியே ஓடிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவருக்குக் கவிதா பெல்ட் மாட்டி அனுப்பினாள்.

நீங்களோ பேசிக்கொண்டிருந்தீர்கள். துப்பட்டா வாங்க வந்த பெண்ணிடம் அவள் அப்பாவின் மூட்டுவலியை விசாரித்தீர்கள். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மனசு லேசாகி, துப்பட்டாவை மறந்துவிட்டுப் போனாள்.

மாதக் கடைசியில் நீங்களே எண்ணினீர்கள். நம்பாமல் மறுபடியும் எண்ணினீர்கள். மஞ்சள் முதலில். பச்சையும் சிவப்பும் அடுத்தடுத்து. நீலம் விரல்விட்டு எண்ணும்படி இருந்தது.

"எங்கயோ தப்பா ஒட்டியிருப்போம்" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அளவு தப்பு சொல்லாது."

செல்வி அழுதே விட்டாள். "நீங்க நின்னுட்டா கடை யாருது அண்ணே?"

"கடை என்னுதுதான். வேலைதான் எனக்கு இல்ல."

மறுநாள் நிஜமாகவே நீங்கள் வரவில்லை. வீட்டில் இருந்துகொண்டு என் சமையலறை டப்பாக்களை உயரம் பார்த்து அடுக்கினீர்கள். உப்பைத் தேடியே எனக்குப் பாதிக் காலை போனது. இரண்டொரு நாளில் பொறுக்கமாட்டாமல் கடைக்கு வந்தீர்கள். ஆனால் உள்ளே வர மறுத்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

வாசலில் பைக்கோடு நிற்கும் புருஷன்மார்கள்தான் நம் வியாபாரத்துக்கு எமன். "போதும், வா" என்று ஒரு குரல் வந்தால் எடுத்த கிளிப்பும் கீழே போய்விடும். அன்று அப்படி ஒருவரிடம், "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சாங்க?" என்று ஆரம்பித்தீர்கள். உள்ளே அவர் மனைவி நிதானமாக ஒவ்வொரு துப்பட்டாவாக விரித்துப் பார்த்தாள். பில் போட்டுவிட்டு வந்து "போலாங்க" என்றாள். "இரு, பேசிட்டிருக்கோம்ல" என்றார் அவர். அவள் திரும்பி வந்து ஒரு ஹேர்பேண்டும் எடுத்தாள்.

வியாபாரம் ஏறியது. யாரும் வேலையைவிட்டு நிற்கவில்லை. நீங்கள் மட்டும் நிம்மதி இழந்தீர்கள். "இதுல என் பங்கு எவ்வளவுன்னு எப்படி அளக்கறது?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பீர்கள். என் மஞ்சளில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னால் கோபம் வரும். கடைசிவரை அதற்கு விடை கிடைக்கவில்லை.

நீங்கள் போன அன்று நம் வீட்டு வாசலில் நான் முகமே பார்த்திராத ஆண்களின் கூட்டம். அதிராம்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர், "அவங்க பேரு கூடத் தெரியாதும்மா. எங்க வீட்டம்மா கடைக்குள்ள வளையல், கிளிப்பு பாக்குறப்ப பேசிட்டிருப்போம்" என்று சொல்லித் தேம்பினார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது மாலையில் கல்லாவைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு நான் வாசலுக்குப் போகிறேன். உங்கள் பேச்சு எனக்கு வராது. நேற்று பைக்கோடு காத்திருந்த ஒருவரிடம், "நடவு முடிஞ்சுதா?" என்றேன்.

"நான் ரயில்வேயில இருக்கேம்மா."

"அப்ப ரயிலெல்லாம் எப்படிங்க போகுது?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் பைக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.