சின்ன அறைக்கு மேலே ஒரு சாண் மண்

வளப்பூர் நாடு
5.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவேணி எழுதுவது. நானும் ஆடுகளும் சுகம். போனில் பேசினால் பாதியில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டைப் படம் வரைகிறார்கள்! போட்டோ இல்லை. சுவரின் கனம் வரை அளந்து, கோடு போட்டு வரைகிற படம். யமுனா என்று திருச்செங்கோட்டுப் பெண், கட்டடக்கலை படித்தவள். தேசம் முழுக்க ஜனங்கள் எப்படியெல்லாம் வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்று பதிவு செய்கிற குழுவோடு வந்திருக்கிறாள். "அரமனைக்கும் கோயிலுக்கும் புஸ்தகம் இருக்குதுங்க அக்கா. ஆளுக குடியிருந்த ஊட்டுக்குத்தான் இல்லீங்க" என்றாள். டேப்பின் ஒரு முனை என் கையில். நம் மலையிலேயே குண்டனி நாடு வரை ஊர் ஊராகப் போய்ப் பதினோரு வீடு அளந்துவிட்டோம். நேற்று ஒரு சுவரைப் பார்த்ததுமே, இது பின்னால் சேர்த்துக் கட்டியது என்று நானாகவே சொன்னேன். யமுனா தட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். அதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

மாசியில் நம் வீட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்ட மேஸ்திரி செல்வத்திடம் பேசிவிட்டீர்கள். தெரியும். நமக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், ஊருக்கு வந்தாலும் வாசலில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறீர்கள். இந்த வீடு உங்களுக்கு என்ன செய்தது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சித்திரை வரையாவது பொறுக்கக் கூடாதா?

பொங்கலுக்கு வராதவருக்கும் சேர்த்து மிளகு காயவைக்கிற,
அம்சவேணி

*

கொண்டகாவ், சத்தீஸ்கர்
15.1.2025

அன்புள்ள வேணி,

உன் கடிதம் டீசல் லாரியில் வந்து சேர்ந்தது. நேற்று அறுநூறு அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை. போர்வெல் வண்டி நிழலிலேயே பொங்கல் வைத்தோம். அடிப்பிடித்துவிட்டது.

நீ டேப் பிடிப்பது சந்தோஷம். ஊரையெல்லாம் அளந்துகொள். ஆனால் அந்த வீடு மட்டும் வேண்டாம். புல் கூரையைக் கண்டாலே எனக்கு ஆகாது. மாசி மூன்றாம் தேதி செல்வம் ஜேசிபியோடு வருவார். அதில் மாற்றமில்லை. காரணம் கேட்காதே.

மலையில் பனி அதிகமாக இருக்கும். ஸ்வெட்டரை ஆட்டுக்குட்டிக்குப் போர்த்திவிடாமல் நீ போட்டுக்கொள்.

இளங்கோ

*

வளப்பூர் நாடு
26.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

காரணம் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

முந்தாநாள் ஏணி வைத்துக் கூரைக்கு அடியில் ஏறினோம். கீழேயிருந்து பார்த்தால் மூங்கில் பரண் மட்டும்தானே தெரியும்? அந்த மூங்கிலுக்கு மேலே ஒரு சாண் கனத்துக்கு மண் பூசியிருக்கிறது. கூரை பற்றி எரிந்தாலும் நெருப்பு உள்ளே இறங்காதாம். மண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு மரங்கள் கரிந்து கிடக்கின்றன. இந்த வீடு ஒரு தரம் எரிந்திருக்கிறது, மாமா! எனக்கு யாரும் சொன்னதில்லை.

அளந்த வீடுகளில் இன்னும் நான்கில் இந்த மாதிரி மண் இருந்தது. நான்கிலும் தானிய அறைக்கு மேலேதான். நம் வீட்டில் தானிய அறைக்கு மேலே வெறும் மூங்கில். மண் இருப்பது சின்ன அறைக்கு மேலே மட்டும். யமுனாவுக்குப் புரியவில்லை. "தானியத்த உட்டுப்போட்டு இந்த ரூமுக்கு எதுக்குங்க பூசுனாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டுக் காளியண்ணன் பெரியப்பாவிடம் போனோம். பூசியது உங்கள் அப்பாவாம். உங்களைச் சேந்தமங்கலம் ஹாஸ்டலில் விட்ட வருடம், ஒரு கோடை முழுக்க ஒற்றை ஆளாக மண் சுமந்தாராம். உதவிக்குப் போனவர்களையும் கைவைக்க விடவில்லையாம். அவர் விரல் இழுத்த தடம் இன்னும் மண்ணில் இருக்கிறது.

அந்த அறையில் அப்போது யார் படுத்தது? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். ஜேசிபி வர இன்னும் இருபது நாள்.

அம்சவேணி

*

கொண்டகாவ்
5.2.2025

வேணி,

நான்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது. காய்ச்சலில் அந்த அறையில் படுத்திருந்தேன். நடுப்பகலில் கூரை பற்றிக்கொண்டது. அப்பா ஓடி வந்தார். முதலில் விதைச் சாமை மூட்டையைத் தூக்கி வெளியே போட்டார். அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்கினார். புகைக்குள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தேன். அடுத்த மாதம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். அவருக்கு மூட்டைதான் பெரிது, நான் அப்புறம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். லீவுக்கு வந்தாலும் அந்த அறைக்குள் போனதில்லை. அவர் சாகும்வரை முகம் பார்த்துப் பேசியதும் இல்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தானியத்துக்கு மேலே வெறும் மூங்கில் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. கூட வேலை பார்க்கும் கார்த்தி, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். இல்லை, எங்கள் வீட்டை அளந்திருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று லாரி பிடித்து டவுனுக்கு வந்து செல்வத்துக்குப் போன் போட்டேன். "ஜேசிபி வேண்டாமுங்க. ஊடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். உன் நம்பரையும் அழுத்தினேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டு, தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காங்கிரீட் வீட்டை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. மிளகுக் கொடிகளுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற காலி இடத்தில் அதைக் கட்டத்தான் போகிறேன். நாம் சண்டை போட அதுவாவது இருக்கட்டும்.

பதினைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மலையேறி வாரேன். யமுனாவை அதுவரை இருக்கச் சொல். மண்ணைச் சலித்துத் தண்ணீர் விட்டுப் புளிக்க வை. தானிய அறைக்கு மேலே அவர் பூசாமல் விட்டதை நாம் இரண்டு பேரும் பூசிவிடலாம்.

உன்,
இளங்கோ