முப்பது நொடியில் எடுத்த படம்

மைசூரு
புதன்கிழமை இரவு

அன்புள்ள தருண் அண்ணாவுக்கு,

நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் நேற்றே தபாலில் போய்விட்டது, அதை நம்பாதே. எப்போதும் தானே எழுதுகிறவள் இந்த முறை ஏன் என்னை எழுதச் சொன்னாள்? பட்டு மில்லில் நூல் முறுக்கும் மிஷினில் அவளுடைய வலது கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பயிற்சி முகாமில் உனக்குப் போன் தரமாட்டார்கள், அதனால் அம்மா தூங்கிய பிறகு ஒளிந்து எழுதுகிறேன்.

விரல் தேறிவிடும் என்கிறார் டாக்டர். என் ஆத்திரம் வேறு. நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்ததும் தொழிலாளர் அதிகாரி வந்தார். மில் மூடி எட்டு வருஷம் ஆகிறது, இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்று முதலாளி கூசாமல் சொன்னார். அதற்கு அவர் காட்டிய சாட்சி, போன தசராவுக்குப் பள்ளிப் போட்டியில் பரிசு வாங்கிப் பேப்பரில் வந்த, நான் எடுத்த படம்! பழைய கட்டடம் என்ற தலைப்புக்கு மில்லுக்குள் எடுத்தது. கரண்ட் போய் ஒரே இருட்டு. போனைப் பெட்டிமேல் அசையாமல் வைத்து முப்பது நொடி எடுத்தேன். அப்படி எடுத்தால் நிற்பதுதான் படத்தில் விழும், நகர்வது மறைந்துவிடும். கொஞ்சம் நில்லும்மா என்று கெஞ்சினேன். நின்னா மேஸ்திரி கத்துவான் கண்ணு, கரண்ட் வர்றதுக்குள்ள அறுந்த நூலெல்லாம் முடிச்சுப் போடோணும், நீ பாட்டுக்கு எடு என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அம்மாவோடு வேலை செய்தவர்கள், மொத்தம் பதினோரு பேரும் ஓடினார்கள். படத்தில் வெறும் மிஷின்தான் இருக்கிறது. உம்மக எடுத்ததுதானேம்மா, இதுல நீ எங்க நிக்கற, காட்டு பாக்கலாம் என்று மேஸ்திரி பாலன் சிரித்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள் அண்ணா. அம்மா அங்கே வேலை செய்ததற்கு வெள்ளிக்கிழமைக்குள் அதிகாரிக்கு அத்தாட்சி வேண்டுமாம். விட்டுரு சாமி, மத்தவங்க பொழப்பும் போயிரும் என்கிறாள் அம்மா.

இன்று பள்ளிக் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டு இருக்கும் இடத்தில் செருப்புக்காலோடு யாரும் நுழையமாட்டார்கள் இல்லையா, கதவிடுக்கில் வெளிச்சம் விழும் இடத்தில் பதினோரு ஜோடி. மூன்றாவது அம்மாவுடையது, வார் அறுந்து பச்சைப் பட்டு நூலால் தைத்தது. எட்டு வருஷமாக மூடிய மில்லில் யார் செருப்பைக் கழற்றி வைத்தார்கள்?

நாளை அம்மாவின் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, படத்தோடு அதிகாரியிடம் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாதேஸ்வரசாமி உனக்குத் துணையிருக்கட்டும். பதிலைப் பள்ளி முகவரிக்குப் போடு.

உன் தங்கை
சுசித்ரா