கஞ்சாப் பூவும் பச்சைப் புழுவும்

1956 ஜனவரி 23, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று கஞ்சாப் பூவுக்குள் ஒரு பச்சைப் புழு. பிடித்தேன். நசுக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் ஊரவிட்டுப் பார்த்துவிட்டு, எடுத்த பூவிலேயே திரும்ப விட்டேன்.

காரணம்: நாளை செவ்வாய். வீரமுனை நாட்டு வைத்தியர், பரியாரியார் (இனி ப.), கல்முனைச் சந்தைக்கு வரும் நாள். புழு இருந்தால் சைக்கிளைச் சாய்ந்தமருதுப் பக்கம் திருப்புவார். இல்லையென்று ஆள் சொல்லி அனுப்பினால் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

வயது நாற்பத்தொன்பது. கோட்டடியில், நீதிமன்ற வாசலில், ஊராருக்கு மனு எழுதுகிறவன். ஒரு மனுசனை வீட்டுக்கு வரவழைக்கப் புழுவிடம் மனுக் கொடுத்து நிற்கிறேன்.

செடி ஒன்றே ஒன்று. ஆளுயரம். மரவள்ளிக்கு நடுவில். இரண்டுக்கும் இலை ஒரே சாயல், ஒழுங்கையால் போகிறவனுக்குத் தெரியாது. விதை ப. தந்தது, பூ அவருடைய லேகியத்துக்கு. அவர் வளவில் ஆடுகளும் பேரப்பிள்ளைகளும் எதையும் முளைக்க விடாது என்பதால் என் வளவு. பொலிஸ் பிடித்தால் மனு எழுத ஆள் தேட வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

ஜனவரி 24, செவ்வாய்

வந்தார். அல்ஹம்துலில்லாஹ். (புழுவுக்கும் நன்றி.)

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூப்பூவாகப் பார்த்தார். ஒரு பூவில் நடுவே மட்டும் பழுத்துக் கருகியிருந்தது. நகத்தால் பிரித்தார். என் ஆள் உள்ளே கொழுத்துக் கிடந்தான்.

"பாருங்க காக்கா, வெளியில ஒண்டும் தெரியாது. உள்ளுக்குள்ளதான் தின்னுறது."

செடியைப் பற்றித்தான் சொன்னார்.

அவர் சொன்ன சட்டங்கள், மறக்காமலிருக்க:

சாம்பல் — அடி இலைக்கு மட்டும், பனி காயமுன்.
வேப்பங்கொட்டைத் தண்ணீர் — மொட்டு வரும்வரை. பூத்தபின் கூடாது.
பூவில் பச்சைத் தண்ணீரும் படக்கூடாது. பூசணம் பிடிக்கும். நோயாளி வயிற்றுக்குள் போகிற சாமான்.
புழுவைக் கையால் பொறுக்க வேண்டும். தினமும், விடியமுன்.
அடித்தண்டுக்கு மாட்டுமூத்திரம், ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர்.

கடைசிச் சட்டத்தைப் போத்தலோடு கொண்டுவந்திருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார்.

தேத்தண்ணி, கருப்பட்டி. பீடி நீட்டினேன், வழக்கம்போல் வேண்டாம். வெற்றிலையும் இல்லை. மருந்து தவிர வேறொன்றும் அந்த வாய்க்குள் போகாது. வெளியே வருவது மட்டும் நிற்காது. ஒன்றேகால் மணி நேரம் கதைத்தார். சம்மாந்துறை நிலக்காரப் போடியார் ஒருவரின் மூலவியாதி முழு விபரம். நான் யாருக்கும் சொல்வதில்லையென்று சத்தியம் செய்தேன். நாளை கோட்டடியில் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லலாம்.

பூ முற்ற இன்னும் இரண்டு கிழமையாம். முற்றினால் வெட்டுவார். வெட்டினால் அவருக்கு இங்கே என்ன வேலை?

ஜனவரி 26, வியாழன்

பனி. கடல் இரைச்சல் வளவுவரை.

மூத்திரத் தண்ணீர் ஊற்றும்போது சாரனில் தெறித்தது. நஜீஸ், தொழுகைக்கு ஆகாத அசுத்தம். கழுவினால் போதுமென்று பள்ளி லெப்பை சொல்லுவார், எனக்கு மனம் ஒப்பவில்லை. சாரனைத் துவைத்து, தலையோடு தண்ணீர் வார்த்துக் குளித்து, பிறகுதான் சுபஹுத் தொழுகை. நேற்றும் இப்படித்தான். வாளி கிணற்றுக் கட்டில் இடித்த சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

முன்வீட்டைத் திறந்து கூட்டினேன். பிறகு பூட்டினேன். அது மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. ஊர் வழக்கம், குறை சொல்லவில்லை. பெண்ணுக்கு வீடு, பெற்றவர்களுக்குப் பின்னாலுள்ள சமையல் குசினி. பெண்சாதி இருந்தவரை குசினி எங்களுக்குப் பெரிதாகவே இருந்தது. அவள் மௌத்தாகி மூன்று வருடம். மருமகன் வாத்தியார், மாற்றம் கிடைத்து மகளோடு குருநாகலில். ஐந்து அறை பூட்டிக் கிடக்கிறது, திறப்புக் கொத்து என் இடுப்பில். நான் குசினியில் பாய் போட்டுக்கொள்கிறேன். மகள் வீட்டில் கேளாமல் படுக்க நான் யார்?

கேட்டால் "படுங்க வாப்பா" என்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

ஜனவரி 28, சனி

பக்கத்து வளவு பாத்தும்மா ராத்தா வேலிக்கு மேலால் தலை நீட்டினார். கையில் அகப்பை. முகத்தில் விசாரணை.

"தம்பி, சுபஹுக்கு முந்தி நாளும் குளிக்கிற சத்தம் கேக்குது. ஆரெண்டு சொன்னா நாங்களும் சந்தோசப்படுவம்தானே."

விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விடியமுன் தலையோடு குளித்தால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்: புருஷன் பெண்சாதி சேர்ந்து படுத்தால் கடமையாகும் குளிப்பு. எனக்கோ பெண்சாதி இல்லை. ஆகவே யாரையோ வைத்திருக்கிறேன், அல்லது ரகசியமாக நிக்காஹ் முடித்துவிட்டேன்.

மரவள்ளிக்கு மாட்டுமூத்திரம் ஊற்றுகிறேன், அதுதான் குளிக்கிறேன் என்றேன். உண்மையில் முக்கால்வாசி.

"மரவள்ளிக்கு ஆரும் முழுகுவாங்களா? கதைக்கிற சத்தமும் கேட்டிச்சு."

கதைத்தது செடியோடு. அதை எப்படிச் சொல்வது? சும்மா சிரித்தேன். ராத்தாவுக்கு அது போதும். லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் மூன்று பேர் என் தோளைத் தட்டினார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு என்னை யாரோ தொட்டது அது.

ஜனவரி 31, செவ்வாய்

விடியமுன் நான் பொறுக்கியபோது ஒன்றுமில்லை. ப. வந்து பிரித்த பூக்களில் புழு மூன்று. நான் விட்டது ஒன்று, அதையும் ப. போன கிழமையே நசுக்கிவிட்டார். தினமும் பொறுக்குகிற செடியில் செவ்வாய்க்குச் செவ்வாய் எங்கேயிருந்து வருகிறது?

அவரிடமே கேட்டேன். மிளகாய்ப் புழுவாம். வீரமுனைப் பக்கம் தோட்டமெல்லாம் இதுதானாம். அந்துப்பூச்சி பறந்து வந்து முட்டை இட்டிருக்குமாம். அவ்வளவு தூரம் பறக்குமா என்றேன். காற்று அந்தப் பக்கம்தான் என்றார். கூரைக்கு மேலே தென்னோலை வேறு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. பரியாரியார் சொன்னால் சரி.

குளிப்புக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு மணி நேரம் இருந்தார்.

பெப்ரவரி 2, வியாழன்

சொந்த மூளை வேலை செய்தால் இப்படித்தான். மாமரத்து முசுறு எறும்பு புழு தின்னும் என்று கேள்விப்பட்டு, கூட்டோடு ஒரு கொப்பை வெட்டிச் செடியில் கட்டினேன். முதலில் தின்றது என்னை. சாரனுக்குள் ஏறிய இடங்களை எழுதவில்லை. வளவில் நான் ஆடியதைப் பாத்தும்மா ராத்தா பார்த்திருந்தால் புதுமாப்பிள்ளைச் சந்தோசம் என்றுதான் நினைத்திருப்பார்.

குருநாகலிலிருந்து கடிதம். ஐந்து மாதத்துக்குப் பிறகு. ஊர்க்கதை அங்கேயும் போய்விட்டது. "வாப்பா, நிக்காஹ் முடிக்கிறதென்றால் எங்களுக்குச் சொல்லிவிட்டு முடியுங்கள். நாங்கள் தடையில்லை. வீட்டில் இருவரும் இருங்கள்."

நாலு தரம் படித்தேன்.

பெப்ரவரி 4, சனி

செவ்வாயல்ல, ப. வந்தார். இந்தப் பக்கம் ஒரு நோயாளியாம். எந்த வீடு என்று கேட்டேன், இருமினார்.

முசுறைக் கண்டதும் ஏச்சு. அது புழுவைத் தின்னும், ஆனால் மாப்பூச்சியை ஆடுமாடுபோல் வளர்க்குமாம். அடி இலைக்குக் கீழே காட்டினார், வெள்ளைவெள்ளையாக. கொப்பை எடுத்தோம். மாப்பூச்சியைத் துணியால் துடைத்தோம். இருவருமாக அரை மணி நேரம். கதையில்லை. நல்ல வேலை.

பூவின் மயிர் பாதிக்கு மேல் பழுப்பு. வெட்டலாமா என்றேன், வெட்ட வேண்டாமென்று சொல்லுவார் என நினைத்துக்கொண்டு.

"இன்னும் ரெண்டு மூணு நாள் கிடக்கட்டும் காக்கா. வீட்ட பதினொரு பேர் இருக்கிறாங்க. நான் தொடங்கின கதைய முடிக்க ஒருத்தரும் விடுறல்ல."

முதல் வசனத்துக்கும் மற்றதுக்கும் என்ன தொடர்பென்று கேட்கவில்லை.

பெப்ரவரி 7, செவ்வாய்

நல்ல வெயில். வெட்டியாயிற்று.

கூடையில் அடியில் பூ, மேலே மரவள்ளிக் கிழங்கும் கத்தரிக்காயும். ஒரு பூவிலும் கறையில்லை. ப. சந்தோசப்பட்டார், அதிகமில்லை. தேத்தண்ணி குடித்தார். மூலவியாதிப் போடியார் சுகமாம். பிறகு இருவரும் செடி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப வாறன் காக்கா."

எப்போது என்று சொல்லவில்லை. கடப்படி வாசலில் சைக்கிள் மணி ஒரு தரம். அவ்வளவுதான்.

மகளுக்கு மறுமொழி எழுதினேன். நிக்காஹ் ஒன்றுமில்லை என்று எழுதிப் பிறகு கிழித்தேன். இல்லையென்றால் அடுத்த கடிதம் இன்னும் ஐந்து மாதம். "யோசிக்கிறேன்" என்று எழுதினேன். புழுவை வைத்துப் பழகிய கை.

குளிக்கத் தேவையில்லை. குளித்தேன்.

பின்னேரம் மரவள்ளிக்குள் கூட்டும்போது, ப. குந்தியிருக்கிற இடத்தில் ஒரு தீப்பெட்டி. என்னுடையதல்ல. அவரோ பீடி தொடாதவர். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். திறந்தேன். வாடிய மிளகாய் இலை. அதன்மேல் பச்சைப் புழு இரண்டு, உயிரோடு.