பஸ் ஓட்டும் அம்மாவுக்கு ஒரு மேல்முறையீடு

செப். 8, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது, யு.பி.எஸ். புண்ணியத்தில் லாகின் தப்பியது. மாடியில் காயப்போட்ட மிளகாயை மயில் கிளறிவிட்டுப் போய்விட்டது. விராலிமலையில் இருந்துகொண்டு மயிலைத் திட்டவா முடியும்?

இன்று பதினொரு கோப்புகள். எல்லாம் அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனிகள் "தர முடியாது" என்று திருப்பியவை. அங்கே உள்ள ஒரு கிளினிக்குக்காக நான் இங்கே வீட்டில் உட்கார்ந்து மேல்முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். பத்து வழக்கமானவை. பதினொன்றாவது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பெயர் எழுதக் கூடாது. ப.ஓ. என்று வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். பெண். வயது 58, தனியாக வசிக்கிறார். இன்சுலின் போடுபவர். தூக்கத்தில் சர்க்கரை இறங்கி இரண்டு முறை மயக்கம், இரண்டு முறையும் பக்கத்து வீட்டார்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று உண்டு, சர்க்கரை இறங்கினால் சத்தம் போட்டு எழுப்பும். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பெனி பதில்: மருத்துவத் தேவை இல்லை.

சென்சார் மாட்டாமல் பஸ்ஸைத் தொடக் கூடாது என்று வேலை கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். ப.ஓ.வுக்கு வேலையோடு சேர்ந்து வந்ததுதான் காப்பீடு. ஆக, நோயால் வேலை போகும், வேலை போனால் வைத்தியமும் போகும். எந்த மகாராசன் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடோ இது!

அவசர மேல்முறையீடு போட்டால் மூன்று நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நாளை எழுதிவிட வேண்டும்.

செப். 9, செவ்வாய்

புழுக்கம். பால் திரிந்துவிட்டது.

செல்வி அக்கா வந்தார். வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசு சுகாதாரப் பணியாளர். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தார், இரண்டு மாதத்துக்கு. ப.ஓ. கதையை, ஆள் அடையாளம் இல்லாமல், சொன்னேன்.

"அங்கிட்டு என்னைய மாதிரி யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்கக்கா."

"பணக்கார ஊருன்னாங்க!" ஊசியைப் பத்திரமாக டப்பாவில் போட்டபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மதியம் கடிதத்தை முடித்து அனுப்பினேன். நல்ல கடிதம் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் டீம் லீடர் பிலோமினா மேடம் திருச்சியிலிருந்து போன்.

"சாந்தி, இதென்ன கலெக்டர் ஆபீஸ் மனுவா? பத்து எடத்துல 'தாழ்மையுடன்'. ஏழை, ஆதரவற்றவர், கருணை காட்டுங்க... என்னம்மா இது?"

"கஷ்டத்தச் சொன்னா எரக்கப்படுவாங்கன்னு நெனச்சேன் மேடம்."

"எரக்கப்பட அங்க ஆளு கெடையாது. அந்தம்மா மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக் கட்டுது. பிச்சையா கேக்குது? அவங்க ரூல் என்னன்னு பாரு. நம்பரப் போடு."

தெருவில் யாருக்குப் பட்டா, உதவித்தொகை என்றாலும் திங்கட்கிழமை மனு நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் கை அதே கும்பிட்ட கைதான். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் உரிமையையெல்லாம் கருணை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே.

செப். 10, புதன்

கம்பெனியின் விதிப் புத்தகம், 64 பக்கம். டீ மூன்று.

கிடைத்தது! பக்கம் 41: இன்சுலின் போடுபவருக்கு சர்க்கரை இறங்கி மயக்கம் வந்ததாகப் பதிவு இருந்தால் சென்சார் கொடுக்க வேண்டும். தேவை இல்லை என்றதற்கு "பதிவு இல்லை" என்பதைத்தான் காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். பதிவு இருக்கிறது, ஆம்புலன்ஸ் குறிப்பில், இரண்டு தேதியோடு. யாரும் அந்தத் தாளைப் புரட்டவே இல்லை.

இணைக்க: ஆம்பு. குறிப்பு 2, டாக்டர் கடிதம், பக். 41 நகல்.

'தாழ்மையுடன்' அத்தனையும் வெட்டினேன். கடிதம் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. மேடம் ஒரே வார்த்தை: "போகட்டும்." டாக்டருக்கு அனுப்பியாயிற்று.

சாப்பிடும்போது இவர் வம்புக்கு இழுத்தார். டயர் கடையில் நாளெல்லாம் லாரிக்காரர்களோடு அரசியல் பேசுகிற வாய்.

"நம்ம பெரியாஸ்பத்திரியில சீட்டுக்கு ஒரு மணி நேரம் நின்னியே, அது மட்டும் ஒசத்தியா?"

"நின்னேங்க. கால் வலிச்சுச்சு. ஆனா ஒனக்கு நோயே இல்ல போன்னு எந்தக் கம்பெனியும் சொல்லலையே!"

"அமெரிக்கா ஜனாதிபதியம்மா, கொழம்ப ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். இன்னொரு நாள் என்றால் தட்டோடு எடுத்திருப்பேன்.

பிறகு போனில் ஒரு வீடியோ. அந்த ஊர் அரசியல்வாதி ஒருவர், எல்லோருக்கும் பொதுவான காப்பீடு வந்தால் மக்களின் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய்விடும் என்கிறார். ப.ஓ. எதைத் தேர்ந்தெடுத்தார்? வேலையில் கொடுத்த ஒரே அட்டையை. எரிச்சல். ஆனால் அதற்குப் பதில் சொல்லி ஒரு நர்ஸ் பேசியிருந்தார், வேலை முடிந்த கையோடு, சீருடையில். எல்லோருக்கும் வைத்தியம் கேட்டுத் தெருத் தெருவாக வீட்டுக் கதவைத் தட்டுகிறாராம். இரண்டு முறை பார்த்தேன்.

செப். 11, வியாழன்

பதில் இல்லை. துவரம்பருப்பு, சோப்பு, கேஸ் புக் பண்ண. சாயங்காலம் நாலு தூறல், மண் வாசனையோடு சரி.

ப.ஓ. இப்போது பஸ் ஓட்டாமல் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்?

செப். 12, வெள்ளி

லாகின் செய்ததும் முதலில் அதைத்தான் திறந்தேன். மறுப்பு ரத்து. சென்சார் அனுமதி!

கத்திவிட்டேன் போல. இவர் பல் தேய்த்த பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "என்ன, பாம்பா?"

கீழே கிளினிக்காரர்களின் குறிப்பு ஒன்று. ப.ஓ. போன் செய்தாராம். நன்றி சொன்னதாக ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. வேறு ஒன்று கேட்டிருக்கிறார். அவரோடு பஸ் ஓட்டுகிற இன்னும் நான்கு பேருக்கு இதே மறுப்பாம், விதி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம். அந்த விதியை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் போட்டுத் தர முடியுமா, டிப்போ சுவரில் ஒட்ட வேண்டும்.

மேடத்திடம் கேட்டேன். "அது அவங்களுக்குன்னு உள்ள ரூல்தானம்மா, குடு" என்றார்.

எழுத்தின் அளவை நாற்பதாக்கி அனுப்பினேன்.