வேனில் இருந்து வந்த குரல்

லீட்ஸ்,
சனிக்கிழமை

அம்மாவுக்கு நித்யஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

என் ஆய்வுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களிடம் பேச வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் அறிவிப்புப் போட்டேன் அல்லவா? விருப்பமுள்ளவர்கள் அதன் கீழேயே எழுதலாம் என்று சொன்னது என் தப்பு. மூன்று பேர் எழுதி, உடனே அழித்துவிட்டார்கள். கம்பெனி சூப்பர்வைசரும் அதைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதக் கடைசிக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் ஆய்வின் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று இங்கே பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். உன் கம்பெனி வேனில் வருபவர்களை நீ அழைத்துத் தருகிறேன் என்றாய். உன் முகத்துக்காக யாரும் சம்மதிக்கக் கூடாது என்று நான்தான் தடுத்தேன்.

பிறகு, வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் பேசி அனுப்பலாம் என்று அறிவிப்பை மாற்றினேன். வியாழனன்று உங்கள் வேனில் இருந்தே ஓர் அக்காவின் குரல் வந்தது. பெயரை உன்னிடமும் சொல்ல மாட்டேன்.

"இன்னாம்மா, பேர் வெளிய வராதுல்ல? சூப்பர்வைசர் கண்ணுக்கு மட்டும் தெரியாத மாதிரி உன் அறிவிப்ப ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டேன். பாரு, எத்தினி பேர் வர்றாங்கன்னு! உங்கம்மா பின்சீட்லதான் கீறாங்க, வாயே தொறக்கல."

நேற்றோடு பதினொரு பேர், அம்மா.

வடகம் அனுப்பு. பார்சலில் இடமிருந்தால் உன் பழைய போர்வையையும் வை. இங்கே குளிர் ஜாஸ்தி.

நீ வாயே திறக்கவில்லை என்று அந்த அக்கா சொல்லி முடித்ததும், "ஜன்னல சாத்துங்கடி, காத்து அடிக்குது" என்று பின்சீட்டில் இருந்து ஓர் அதட்டல் கேட்கிறது. அந்த இடத்தை மட்டும் ஐந்து முறை கேட்டேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
நித்யஸ்ரீ