பாராட்டில் சேர்ந்த வசவுகள்

என் அன்பிற்கு உரியவருக்கு,

பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படியுங்கள். இரண்டு வாரம் முன்பு உங்கள் தங்கைக்குக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஊசி விரலில் ஏறி இரண்டு தையல் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள்.

இத்தனை வருடம் வராதது ஏன் வந்தது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் மாலைப் பிரிவைச் சோதனை முறையில் கொஞ்ச நாளைக்கு மூடியதை எழுதியிருந்தேன் அல்லவா? அவளுக்கு வேலை முடிவதே சாயங்காலம்தான். காலையில் வந்து டாக்டரைப் பார்த்து மருந்து வாங்க லீவு கேட்டால் மேஸ்திரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். அதனால் மகாராணி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தியிருக்கிறாள்.

நீ அங்கேதானே வேலை பார்க்கிறாய், நீ கவனிக்க வேண்டாமா என்று கோபம் வரும். என்னிடம் சொன்னால்தானே! கேட்டால், "உங்களுக்கே ஆயிரம் வேலை அண்ணி" என்கிறாள். நன்றாகத் திட்டினேன், பிறகு இருவரும் அழுதோம். இப்போது மாத்திரை என் கையில். நான் கொடுத்து, அவள் விழுங்கிய பிறகுதான் நகர்கிறேன். ஆனால் அவளோடு வேலை செய்யும் மற்ற பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் அண்ணி இல்லையே.

இனி என் ஆபீஸ் கூத்தைக் கேளுங்கள். மாலைப் பிரிவை நிரந்தரமாக மூடலாம் என்ற அறிக்கை எங்கள் மக்கள் கருத்துப் பிரிவுக்கு வந்தது. கருத்துப் பெட்டியில் விழுந்த சீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி எண்ணியாகிவிட்டதாம், பத்தில் ஏழு பேர் பாராட்டுகிறார்களாம். "ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பும்மா" என்றார் கண்காணிப்பாளர். ஆஸ்பத்திரியைப் பாராட்டும் ஜனம் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். பாராட்டுக் கட்டைப் பிரித்தேன்.

"சாயங்காலம் கதவைச் சாத்துனதுக்கு ரொம்ப நன்றி. இனிமே வியாதிய காலையில மட்டும் வரச் சொல்லிடறோம்" என்று ஒருவர். "அருமை! மூணு பஸ் மாறி வந்து பூட்டைப் பாத்துட்டுப் போறோம். பூட்டு பளபளன்னு இருக்கு" என்று இன்னொருவர். "நல்ல காரியம் பண்ணீங்க. நல்லா இருங்க!" என்று ஒரு அம்மா. நன்றி, நல்ல, அருமை என்ற சொல் எங்கே இருந்தாலும் அது பாராட்டு என்று அந்த மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் வயிறெரிந்தால் 'நல்லா இருங்க' என்றுதானே சொல்வார்கள்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் உங்கள் தங்கையின் கையெழுத்து வந்தது. "நல்லா உறைக்கிற மாதிரி எழுதிப் போட்டிருக்கேன் அண்ணி, பாருங்க, திறந்துடுவாங்க" என்று படுக்கையில் கிடந்தபடி என்னிடம் சொல்லியிருந்தாள், அதே சீட்டு. "பாதி மாத்திரையில வாழப் பழக்குனீங்க. மிக்க நன்றி." அதன் தலையில் பாராட்டு என்று சீல் குத்தியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். "உனக்கு எதுக்கும்மா வேண்டாத வேலை" என்றார். "இதுதான் சார் என் வேலை, இதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்" என்றேன். மூடுவதா என்று முடிவு செய்யும் கமிட்டியின் கூட்டத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, அந்தச் சீட்டுகளை எப்படிச் சொல்லியிருப்பார்களோ அப்படியே ஏற்றி இறக்கி வாசித்தேன். நீங்கள் வாயாடி என்று பட்டம் கொடுத்த வாய் ஒரு நாளாவது உதவியது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தங்கையின் சீட்டை வாசித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான், என் வீட்டில்தான் விரலில் கட்டோடு இருக்கிறாள் என்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர் கணக்கைத் தள்ளிவிட்டார்கள். இனி ஒவ்வொரு கருத்தையும் இரண்டு பேர் படிக்க வேண்டும், புரியாவிட்டால் எழுதியவருக்கே போன் செய்து கேட்க வேண்டும். சீட்டில் அச்சடித்திருந்த சிரித்த முகம், அழுத முகம் படமெல்லாம் போய், 'என்ன நடந்தது? என்ன செய்ய வேண்டும்?' என்று இரண்டே கேள்வி. இன்னொரு கொடுமையும் கேளுங்கள். கருத்துப் பெட்டி ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருந்தது. காலையில் வர முடியாது என்று எழுதிப் போடுவதற்கே காலையில் வர வேண்டும்! உங்கள் தங்கையே தன் சீட்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இப்போது நானே கம்பெனி வாசலுக்கும் பஸ் நிலையத்துக்கும் போகிறேன்.

ஆனால் கதவு இன்னும் திறக்கவில்லை. மாதக் கடைசியில் மறுபடி கூட்டம், அன்றுதான் முடிவு. கண்காணிப்பாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேறு பிரிவுக்குத் தூக்கியடிப்பார்கள் என்று பேச்சு. தூக்கியடிக்கட்டும், அதுவரை விடுவதாக இல்லை. இவள் ஒருத்திக்கு நான் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நேற்று கம்பெனி வாசலில் ஒரு பெண்ணிடம், கிண்டல் வேண்டாம்மா, உள்ளதை நேராக எழுது என்றேன். "நேரா எழுதுனா அழுகை வந்துடும்க்கா, அதான் கிண்டல்" என்றாள். உங்கள் குடும்பமும் அப்படித்தான். நீங்கள் விமானம் ஏறிய அன்று, "விட்டது தொல்லை" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள்தானே இவள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வெளியூரிலிருந்து குடும்பத்தாரும் கருத்து அனுப்பலாம் என்று இப்போது விதி வந்திருக்கிறது. நீங்களும் எழுதுங்கள், மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். உங்கள் நக்கலெல்லாம் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை, அவள் பிழைத்திருக்க வேண்டும், சாயங்காலம் கதவைத் திறந்து வையுங்கள் என்று எழுதுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கும்,
வாயாடி